நான் கட்டிய வீடுகளுக்கு அவன் வாங்கிய லைசென்ஸ்

என் கொழுந்தன் பொய் சொன்னான். கட்டட காண்ட்ராக்டர் லைசென்ஸ் கொடுக்கிற சர்க்கார் ஆபீசில், என்ஜினீயர் மேசைக்கு முன்னால் நின்று, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"அண்ணி சைட்டுக்குச் சோறு எடுத்தாருவாங்க சார். ஆளுங்களுக்கு டீ வாங்கியாந்து குடுப்பாங்க. வேலையெல்லாம் நான்தான் பாத்துக்கறது."

அதற்கு அவன் இன்றுவரை நாலு பேர் முன்னால் பதில் சொல்லவில்லை. நானும் இத்தனை வருஷம் வீட்டுக்குள்ளேயே கத்திவிட்டுச் சும்மா இருந்தேன். இனி இருக்கப்போவதில்லை. எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புதான். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் சித்தாளாக வேலைக்கு வந்தவள். கலவை குழைப்பேன், செங்கல் சுமப்பேன், கொத்தனார் கை நீட்டினால் சாந்துச் சட்டியை நகர்த்துவேன். முதலியார்பேட்டையில் ஒரு மாடி வீட்டு வேலையில்தான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அப்போது கொத்தனார். கல்யாணத்துக்குப் பிறகு மேஸ்திரி ஆனார், ஆட்களைச் சேர்த்தார், எழுபதுகளின் தொடக்கத்தில் லைசென்சும் எடுத்தார். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. சைட்டில் இரண்டு பேரும் இருந்தோம். செங்கல் எவ்வளவு, மணல் எத்தனை வண்டி என்று கணக்குப் போடுவது நான். மூலைக்கு மூலை கயிறு பிடிப்பது, சுவர் ஏற ஏற தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது எல்லாம் கூடவே நின்று வந்துவிட்டது. யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சளானதை வெயில் என்று நினைத்தோம். போய்விட்டார். லாஸ்பேட்டையில் ஒரு வீடு ஜன்னல் தலைக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தோடு பாதியில் நின்றது. காரியம் முடிந்த மறுநாள் நான் அந்த சைட்டுக்குப் போனேன். சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றார்கள். மூலையில் உட்கார வேண்டியவள் சாரத்துக்குக் கீழே நிற்கிறாள் என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்தால் என் மகளுக்கு அவர்களா சோறு போட்டிருப்பார்கள்?

எங்களிடம் ஒரு மூத்த கொத்தனார் இருந்தார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குச் சாரத்தின் மேலிருந்தே கேட்டார்.

"என்னாம்மா, ஏத்தலாமா, நிறுத்தலாமா?"

"ஏத்துங்கண்ணே."

அவர் கரணையை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். அந்த வீடு முடிந்தது. செத்துப்போனவர் பெயரில் இருந்த லைசென்ஸ் அதோடு செத்தது.

தனியார் வீடு கட்டுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. வீட்டுச் சொந்தக்காரர் நம்பினால் போதும். அப்படித்தான் கதிர்காமத்தில் எனக்கு முதல் வீடு வந்தது. வீட்டுக்காரர் ஒரு ஆபீசில் குமாஸ்தா. நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் கட்டிய வீடு ஒன்றைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார். அளவு பேசினோம், ஒப்புக்கொண்டோம், நாள் குறித்தார்கள். பூமி பூஜை அன்று காலையில் குளித்துவிட்டு நான் போய் நின்றேன். அவருடைய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேஸ்திரி எங்கம்மா?"

"நான்தாங்க பாக்கறேன்."

"நீயா? ஏண்டா, இதுதான் மேஸ்திரின்னு எங்கிட்ட சொல்லவேயில்லியே?" என்று மகனிடம் திரும்பினார். மகன் தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா என்னிடம் வந்து குரலைத் தணித்தார். "தப்பா நெனச்சுக்காத. கட்டறத நீ கட்டு, நான் வேணாங்கல. நல்ல நேரம் முடியற வரைக்கும் எதிர்ச் சாரியில போயி நில்லு. உங்கூட்டு ஆம்பள யாராச்சும் இருந்தா வந்து நிக்கச் சொல்லு."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு கட்டும்போது இரண்டு சடங்குகள் முக்கியம். ஒன்று மண்ணில் முதல் கடப்பாறை போடும் பூஜை. இன்னொன்று தலைவாசல் நிலையை நிறுத்துவது. இரண்டிலும் மேஸ்திரிதான் முன்னால் நிற்பார். வெற்றிலை பாக்கோடு வேட்டி துண்டு வைத்து வீட்டுக்காரர் அவருக்குக் கொடுப்பார். அந்த இடத்தில் புருஷன் இல்லாதவள் நிற்கக்கூடாது. நின்றால் வீடு விளங்காது என்பார்கள். அந்த வீட்டின் செங்கல் ஒவ்வொன்றையும் அதே பெண் தொட்டுக் கொடுக்கலாம். அதில் குற்றமில்லை.

மூத்த கொத்தனார் கற்பூரத்துக்கு முன்னால் நிற்கமாட்டார். அதனால் என் கொழுந்தனைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரரின் தம்பி. மில்லில் நைட் ஷிப்டு. காலையில் தலையெல்லாம் பஞ்சோடு வந்து தூங்கப் போகிறவன். பூஜைக்கு நல்ல நேரமும் காலையில்தான். "அரை மணி நேரம் வந்து நில்லு தம்பி" என்றேன். வந்தான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் பட்டை போட்டு நின்றான். வேட்டி துண்டு வாங்கினான். ஸ்டூடியோக்காரர் போட்டோ எடுத்தார். நான் எதிர்ச் சாரியில் ஒரு கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, கடப்பாறை சரியான மூலையில் விழுகிறதா என்று பார்த்துக் கொண்டிருந்தேன். பூஜை முடிந்ததும் அவன் தூங்கப் போனான். நான் சாலையைத் தாண்டி வந்து வேலையை ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் அதுவே முறையாகிவிட்டது. சித்தாள் பெண்கள் அவனுக்குப் பூஜை மேஸ்திரி என்று பெயர் வைத்தார்கள்.

"பூஜை மேஸ்திரி வந்துட்டாருடி. கலவைய அந்தாண்ட தள்ளு, வேட்டியில தெறிச்சிடப்போவுது."

"சிரிங்க, சிரிங்க. ஒருநா நெசமாவே மேஸ்திரி ஆயி உங்களையெல்லாம் வேலைய உட்டு நிறுத்தறேன் பாரு."

"ஆவு மாமா, ஆவு. மொதல்ல சாரத்துல ஏறு. கீழருந்து நாங்க புடிச்சுக்கறோம்."

அவனும் சிரிப்பான். நானும் சிரித்தேன்.

பிள்ளைச்சாவடியில் ஒரு வீடு கட்டினேன். அங்கே எதிர்ச் சாரியே கிடையாது. ரோட்டைத் தாண்டினால் மணலும் கட்டுமரமும்தான். நிலை வைக்கிற அன்று கட்டுமரத்து ஓரமாக மீன்காரப் பெண்களோடு நின்றேன். ஒருத்தி கேட்டாள்.

"யாருக்கு நிக்கற?"

"அந்த வீட்டு வேல என்னுது."

"உன் வேலைக்கு நீ ஏன் இங்க நிக்கற?"

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. "நாங்க இதெல்லாம் பாத்தா கூடைய யாரு தூக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவமானத்தைச் சகித்துக்கொள்ளலாம். ஆனால் ஆடி வந்தால் யாரும் வீடு தொடங்கமாட்டார்கள். மார்கழியிலும் தொடங்கமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை. அந்த மாதங்களில் என் ஆட்களுக்கு வேலை இருக்காது. லைசென்ஸ் வைத்திருக்கிற காண்ட்ராக்டர்களிடம் போவார்கள். சர்க்கார் வேலைக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் விரல்விட்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருப்பேன். இந்த முறை மூத்த கொத்தனாரும் போய்விட்டால்? அவர் போனால் மற்றவர்கள் ஒரே நாளில் போய்விடுவார்கள். ஆள் இல்லாத மேஸ்திரிக்கு எவன் வீடு கொடுப்பான்? திரும்பவும் நான் இன்னொருவர் சைட்டில் சாந்துச் சட்டி தூக்க வேண்டியதுதான். மகள் அப்போது பெரிய வகுப்புக்கு வந்திருந்தாள்.

அதனால்தான் லைசென்ஸ் எடுக்க முடிவு செய்தேன். இன்னொரு காரணமும் உண்டு. சர்க்காருக்கு மாமியார் கிடையாது. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு எந்த அம்மா வந்து என்னை எதிர்ச் சாரிக்குப் போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

லைசென்ஸ் ஆபீசில் இருந்த குமாஸ்தா என்னை நாலைந்து தடவை நடக்க விட்டார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று கேட்டார். சொத்து ஜாமீன் கேட்டார், என் அண்ணன் கொடுத்தார். நன்னடத்தைச் சான்று கேட்டார், வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் சொன்னார்.

"நீ வேல செஞ்சதுக்கு என்னாம்மா ஆதாரம்? வீட்டுக்காரங்ககிட்ட எழுதி வாங்கியா. போட்டோ இருந்தா அதையும் வை."

இது சுலபம் என்று நினைத்தேன். எத்தனை வீடு கட்டியிருக்கிறேன்! அன்றைக்குச் சாயங்காலமே கதிர்காமத்துக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவை எடுத்தார். உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்தார்.

"என்னாடா எழுதற?"

"இந்தம்மாதான் நம்ம வீட்டக் கட்டினாங்கன்னு..."

"நல்லாருக்குதே. எம்மூட்டு நிலைய ஒரு அறுத்தவ வச்சான்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா? நாளைக்கு உம்பொண்ணப் பாக்க வர்றவன் காதுல வுழுந்தா?"

"வீடு நல்லாத்தானேங்க இருக்குது?" என்றேன்.

"நல்லா இருக்குது. அதான் சொல்றேன், அதக் கெடுக்காத."

அவர் பேனாவை மூடினார். வாசல்வரை வந்து, "பாத்து ஏதாச்சும் செய்யலாம்மா" என்றார். அவர் எதுவும் செய்யவில்லை. இன்னும் உயிரோடு இருக்கிறார். இதைப் படித்தால் படிக்கட்டும்.

மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட இதுதான். ஒருவர் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார். அவர் குரல் உள்ளே கேட்டது. பிள்ளைச்சாவடி வீட்டுக்காரர்தான் ஆச்சரியப்பட்டார்.

"உன் கொழுந்தன் முந்தாநாளே வந்து எழுதி வாங்கிட்டுப் போயிட்டாரே? போட்டோகூட ஒண்ணு கேட்டாரு, குடுத்தேன்."

அந்த வருஷம் அவன் வேலை செய்த மில்லில் கதவடைப்பு. பல மாதமாக அவனுக்கு ஷிப்டு இல்லை. நேராக அவன் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"எதுக்குத் தம்பி எழுதி வாங்கின?"

"உங்களுக்குத்தான் அண்ணி. நீங்க போனா குடுக்கமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் வாங்கி வச்சிருக்கேன்."

"அப்ப குடு."

"இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்குது. சேத்து ஒரேயடியா தர்றேன். போங்க, நான் பாத்துக்கறேன்."

நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. நம்பினால்தான் தூங்க முடியும் என்பதால் நம்பப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. அவன் நாளைக்கு என்றான், பிறகு வெள்ளிக்கிழமை என்றான். இதற்கு நடுவில் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. இன்ன தேதியில் நேரில் வரவும்.

அது லாஸ்பேட்டையில் இன்னொரு வீட்டுக்கு நான் மேல்தளம் போடும் நாள். அப்போது சிமெண்டு பர்மிட்டில்தான் கிடைக்கும். அந்த வீட்டுக்காரர் அலைந்து திரிந்து வாங்கிய மூட்டைகள் கடல் காற்றில் இறுகிவிடுமே என்று பயந்துகொண்டிருந்தோம். ஐப்பசி வானம் வேறு. தளம் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பழசும் புதுசும் ஒட்டாது, அந்த இடத்தில் ஒழுகும். தேதியை மாற்ற வீட்டுக்காரர் ஒப்பவில்லை. ஆபீசில் கேட்கவே எனக்குத் தைரியம் இல்லை. விடிந்ததும் கலவை போட்டு முதல் சட்டியை மேலே ஏற்றிவிட்டு, காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறினேன்.

ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக் கொண்டிருந்தேன். வடக்கே கறுத்திருந்தது. லாஸ்பேட்டையும் வடக்கேதான். மேலே எவ்வளவு தூரம் போட்டிருப்பார்கள், பாதி தாண்டியிருக்குமா, தார்ப்பாய் போதுமா என்று மனசு அங்கேயே கிடந்தது. கால்விரல் இடுக்கில் சிமெண்டு காய்ந்து இழுத்தது. அப்போது கொழுந்தன் உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை.

"நீ எங்க தம்பி இங்க?"

"நானும் போட்டிருக்கேன் அண்ணி" என்றான். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காராமல் தூணோரம் போய் நின்றான்.

இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு மனுவிலும் ஒரே வீடுகள் எழுதியிருந்தால் வேறென்ன செய்வார்கள்? என்ஜினீயர் நடுவயதுக்காரர். கடுமையாகப் பேசவில்லை. கொழுந்தன் போட்டோக்களை மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினான். எல்லாவற்றிலும் அவன். மாலை, வேட்டி, கையில் தட்டு. பின்னால் என் ஆட்கள் நின்றார்கள்.

"இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"எதிர்ச் சாரியில இருந்தேன் சார்."

"ஏன்?"

அந்த அறையில் நாலைந்து ஆண்கள். குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நான் புருஷன் இல்லாதவ சார். பூஜையில என்ன நிக்க வுடமாட்டாங்க. அதுக்காவ நான்தான் இவன நிக்க வச்சேன். அவனையே கேளுங்க."

என்ஜினீயர் அவனைக் கேட்டார். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். சோறு, டீ.

என் வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. அதையெல்லாம் அச்சில் போடமுடியாது. "இது ஆபீசும்மா, மீன் மார்க்கெட் இல்ல" என்றார் குமாஸ்தா. அவன் குனிந்து போட்டோக்களை ஒவ்வொன்றாக நேராக அடுக்கிக் கொண்டிருந்தான்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா" என்றார் என்ஜினீயர். "எழுத்துல ஏதாச்சும் ஒண்ணு கொண்டாங்க. ஒரே ஒரு வேலைக்காச்சும். மாசக் கடைசிக்குள்ள."

வெளியே வந்தபோது தூறல் விழுந்தது. பஸ்ஸில் முழுக்க நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போவது மாதிரி இருந்தது. சைட்டில் தளம் முடிந்திருந்தது. சாக்கும் தார்ப்பாயும் போர்த்தியிருந்தார்கள். மூத்த கொத்தனார் கீழே உட்கார்ந்து பீடி பற்றவைத்துக் கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆவல. தண்ணி எறங்கறதுக்கு முன்னயே மூடிட்டோம். உனக்கு என்னா ஆச்சு?"

"நான் உங்களுக்கெல்லாம் சோறு எடுத்தாந்து குடுக்கறவளாம்ணே. வேல எல்லாம் அவன் பாத்தானாம்."

சித்தாள் ஒருத்தி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இன்னிக்குச் சோறு எங்கக்கா? பசிக்குது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்க ஆரம்பித்து அழுதேன். கொத்தனார் பீடியை அணைத்தார்.

"மதாம்கிட்ட போயி கேளு" என்றார்.

குருசுக்குப்பத்தில் ஒரு சொல்தாவின் பெண்சாதி இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். புருஷன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாளை எல்லாரும் மதாம் என்று கூப்பிடுவார்கள். தமிழ்க்காரர்தான், மாதா கோவிலுக்குத் தவறாமல் போகிறவர். மூத்த கொத்தனார் வழியாக அந்த வருஷம் அவர் வீட்டில் சமைக்க ஒரு குசினியும் குளிக்கும் அறையும் கட்டிக் கொடுத்திருந்தேன். நிலை நிறுத்தின அன்று சுவாமியார் வந்து மந்திரித்தார். நான் பழக்கத்தில் வெளியே போய் நின்றேன். மதாம் வாசலுக்கு வந்து கத்தினார்: "எங்க போற? நானும் புருஷனப் பொதச்சவதான். அப்ப நான் எங்கூட்டுக்கு எந்தப் பக்கமா நொழையறது? வா உள்ள." அந்த ஒரு நிலையைத்தான் நான் கூடவே நின்று வைத்தேன்.

நான் கேட்டதும் எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சில் எழுதினார். "மதாம், இங்கிலீசுல இல்லாட்டி தமிழ்ல..." என்று இழுத்தேன்.

"எனக்கு எழுத வர்றது இதுதான். படிக்கத் தெரியலன்னு சொல்லுவாங்களா? நானே வர்றேன்."

மறுநாள் குடையோடு ஆபீசுக்கு வந்தார். நான் பயந்தபடியே குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரும்மா படிக்கறது?"

"நான் படிக்கறேன், நீ கேளு." மதாம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி பிரெஞ்சில் கடைசிவரை படித்தார். பிறகு தமிழில் சொன்னார். "எங்கூட்டு குசினியும் குளிக்கற ரூமும் இந்தப் பொம்பளதான் கட்டினா. கூட நின்னு பாத்தேன். தண்ணி ஒழுவல. நம்பிக்கையில்லன்னா வா, காப்பி தர்றேன், பாத்துட்டுப் போ. இந்த ஊர்ல பிரெஞ்சுல எழுதினா செல்லாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குது, அதையும் எழுதிக் குடு."

"பொம்பளைக்குப் பொம்பள சாட்சியாம்மா?" என்று சிரித்தார் குமாஸ்தா.

"உன்னப் பெத்தப்ப உங்கம்மா பக்கத்துல சாட்சிக்கு யாரு நின்னா? ஆம்பளையா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். தாள் உள்ளே போனது. என்ஜினீயர் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்றேன். மார்கழி நெருங்கியது. இரண்டு கொத்தனார்கள் என்னிடம் சொல்லாமலே வேறிடம் போய்விட்டார்கள். மூத்த கொத்தனார் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தால் அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று.

லைசென்ஸ் வந்தது. கடைசி வகுப்பு, சின்ன வேலைகள் மட்டும்தான் எடுக்கலாம். சர்க்கார் கணக்கில் நான் வாழ்நாளில் கட்டியது ஒரு குசினி, ஒரு குளிக்கும் அறை. கொழுந்தனுக்கு எனக்கு மேல் வகுப்பு கிடைத்தது. நான் கட்டிய வீடுகள் அவ்வளவும் அவன் கணக்கில் இருந்தன.

முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர். போனால் அங்கேயும் கற்பூரம், தேங்காய்! சர்க்காருக்கும் மாமியார் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலையைப் பார்க்க வந்த ஆபீசர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உங்க சைடுல ஜென்ட்ஸ் யாராச்சும்..."

"காண்ட்ராக்டர் நான்தான் சார். பூஜைன்னா நான்தான் நிப்பேன். இல்லாட்டி பூஜ வேணாம், வேலய ஆரம்பிக்கலாம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நில்லுங்கம்மா."

நின்றேன். வீரமாக நின்றேன் என்று நினைக்கவேண்டாம். அந்தச் சுவர் எழும்பி, முடிந்து, பூசி, வெள்ளையடித்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. சுவரில் ஒரு விரிசல் விழுந்தால் மண் சரியில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அறுத்தவள் நின்றாள், அதான் என்பார்கள். அடுத்த மழைக்காலம் முழுக்க ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வருவேன். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். அத்தனை வீடு கட்டியும் அந்த அம்மாக்களின் பேச்சு எனக்குள்ளும் இறங்கியிருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாகிறது.

சுவர் நின்றது. மூத்த கொத்தனார் என்னோடேயே இருந்தார். வேலைகள் சின்னச் சின்னதாக வந்தன.

அதற்கடுத்த பொங்கலுக்குக் கொழுந்தன் கரும்பும் பழமும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்தான். தரையைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்குத் தெரியாதா அண்ணி? எல்லாம் நீங்க கட்டினதுதான். மில்லு தொறக்கமாட்டான்னு ஆயிப்போச்சு. மூணு புள்ளைங்க. ஆபீசுல நெசத்தச் சொல்லியிருந்தா எனக்கு எவன் குடுப்பான்?"

"எங்கிட்ட கேட்டிருந்தா ரெண்டு பேரு பேரையும் சேத்து எழுதியிருப்பேன். நீ ஏன் கேக்கல?"

அவன் பழங்களை என் பக்கம் நகர்த்தினான்.

"இப்ப சொன்னத அந்த என்ஜினீயர்கிட்ட வந்து சொல்லு, வா."

"அதெப்படி அண்ணி? குடும்ப விஷயம். உடுங்க."

பழத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். கரும்பை மகள் அதற்குள் கடித்துவிட்டாள்.

போன மாதம் காண்ட்ராக்டர்கள் கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். கடைசி வரிசை. அவனை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். மைக்கைப் பிடித்து, "எங்கண்ணன் பாதியில உட்டுட்டுப் போன தொழில நான்தான் தூக்கி நிறுத்தினேன்" என்றான். கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர்கூடத் தட்டினார். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

தம்பி, நீ என் வீட்டுக்குப் பழம் எடுத்துக்கொண்டு வரவேண்டாம். என் காதோரம் வந்து எதையும் ஒத்துக்கொள்ளவேண்டாம். ஒத்துக்கொள்ள உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். மறுபடி அதே கூட்டம் கூடும்போது அதே மைக்கைப் பிடி. கதிர்காமத்து வீட்டைக் கட்டியது யார், பிள்ளைச்சாவடி வீட்டைக் கட்டியது யார், என் புருஷன் செத்த பிறகு அந்த ஆட்களை வைத்து வேலை செய்தது யார் என்று பெயரைச் சொல். கை தட்டிய அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது சொல். நான் இந்த முறை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்.